அபினில் சிக்கியவருக்கு ஒரு ஃபத்வா: நானூற்றைம்பது ஆண்டு வரலாறு

ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் புனித மக்காவில் வாழ்ந்த இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ஒருவர் அபின் போன்றவற்றை உண்ணும் பழக்கத்தில் சிக்கிக்கொண்டார். அதை உண்ணாவிட்டால் உயிரே போய்விடும் என்னும் நிலைக்கு இப்போது வந்துவிட்டார். அவருக்கு மார்க்கம் கூறும் வழி என்ன?

ஹிஜ்ரி 974இல் (கி.பி. 1567) மறைந்த இந்தப் பேரறிஞரை நம்மவர்கள் நன்கறிவர். தமிழகத்தின் கடற்கரையூர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பயில்வோர் அவருடைய 'துஹ்ஃபா'வைத் தொடாமல் கடந்து செல்வதில்லை. போதை தரும் பொருள்கள் விலக்கப்பட்டவை என்பதில் கடுகளவும் விட்டுக்கொடுக்காத அவர் இக்கேள்விக்கு அளித்த விடை, இன்று நம்மில் பலர் அளிக்கும் விடையினின்று பெரிதும் வேறுபட்டது.

அந்த விடையின் கருத்து இதுதான். நிறுத்தினால் அழிந்துபோவார் என்பது உறுதியாகத் தெரிந்தால், அவர் அதை உட்கொள்வது ஆகும். அதற்கும் மேலாக, கடமையுமாகும். பசியால் சாகும் நிலையிலுள்ளவருக்குச் செத்த பிராணியின் இறைச்சி எவ்வாறு அனுமதிக்கப்படுகிறதோ, அவ்வாறே இதுவும் உயிரைக் காக்கும் நிர்ப்பந்தம். ஆனால் பேச்சு அத்துடன் முடியவில்லை. அளவைச் சிறிது சிறிதாக, உடல் உணராத வண்ணம் குறைத்துக்கொண்டே வருவதும் அவர்மீது கடமை. அதைச் செய்யாமல் விட்டால் அவர் பாவியாவார்.

ஆக இந்த ஃபத்வாவுக்கு இரண்டு பாதிகள் உள்ளன. முதற்பாதி, உயிரைக் காப்பது. இரண்டாம் பாதி, படிப்படியாக மீட்பது. ஹனஃபி மத்ஹபின் அறிஞர் கைருத்தீன் அர்ரம்லீ (ரஹ்), தம் மத்ஹபின் அடிப்படைகள் இதனை மறுக்கவில்லை என்று ஏற்றுக்கொண்டார். ஹிஜ்ரி 1252இல் (கி.பி. 1836) டமாஸ்கஸில் மறைந்த இப்னு ஆபிதீன் (ரஹ்) இரண்டையும் தம் 'ரத்துல் முஹ்தார்' நூலில் எடுத்தெழுதினார். தமிழ் முஸ்லிம்கள் பின்பற்றும் இரு மத்ஹபுகளின் ஏடுகளிலும் இச்சட்டம் இருக்கிறது. இருந்தும் அபின் வகைப் போதைக்கு அடிமையான ஒருவர் நம் வீட்டிலோ மஹல்லாவிலோ இருக்கும்போது, நாம் இதை நினைவுகூர்வதில்லை. அந்த மறதிக்கு முஸ்லிம் நாடுகள் கொடுத்த விலையைத்தான் இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

மருந்தாக வந்தது

கசகசாச் செடியின் காயைக் கீறி எடுக்கும் பாலே அபின். நாம் வழங்கும் இச்சொல், கிரேக்கத்திலிருந்து அரபிக்கு வந்து 'அஃப்யூன்' ஆகி, அங்கிருந்து நம் நாவுக்கு வந்தது. அது பாவப் பொருளாக நம் முன்னோரிடம் அறிமுகமாகவில்லை; மருந்தாகவே அறிமுகமாயிற்று. கி.பி. 1037இல் மறைந்த இப்னு சீனா தம் 'கானூன்' நூலில் வலியைத் தணிக்கவும் உறக்கம் வருவிக்கவும் அபின் பயன்படுவதை எழுதினார். அதன் ஆபத்தையும் எழுதினார். பாரசீக மொழியில் அபினுக்கு வழங்கும் பெயர் 'தர்யாக்'. விஷமுறிவு மருந்துக்கு அரபு மருத்துவர்கள் வழங்கிய 'திர்யாக்' என்னும் சொல்லே அது. விஷத்தை முறிக்கும் மருந்தின் பெயர், காலப்போக்கில், பலரை விழுங்கிய ஒரு பொருளின் பெயராகிவிட்டது.

இந்த மாற்றத்தை முதலில் கண்டெழுதியவர்களுள் ஒருவர் அல்பீரூனி. மருந்துப் பொருள்கள் பற்றிய தம் 'கிதாபுஸ் ஸைதனா'வில், வெப்ப நாடுகளில் வாழ்வோர், சிறப்பாக மக்காவாசிகள், கவலை நீங்கவும் வெயிலின் கொடுமையைத் தாங்கவும் ஆழ்ந்து உறங்கவும் நாள்தோறும் அபின் உண்ணும் வழக்கத்தை அவர் குறிப்பிடுகிறார். சிறிய அளவில் தொடங்குகிறார்கள். அளவு கூடிக்கொண்டே போகிறது. இறுதியில் உயிரைக் கொல்லும் அளவை எட்டுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் குறிப்பில் இன்றைய மருத்துவர் திருத்துவதற்கு அதிகம் இல்லை. உடல் பழகப் பழகப் பழைய அளவு போதாமற்போகும். கூடிய அளவு ஒருநாள் மூச்சை நிறுத்தும்.

இமாம் இப்னு ஹஜர் மக்காவில் ஃபத்வா வழங்கிய அதே நூற்றாண்டில், ஈரானில் இமாதுத்தீன் மஹ்மூத் ஷீராஸி என்னும் மருத்துவர் அபினைப் பற்றியே ஒரு தனி நூல் இயற்றினார். அதன் பெயர் 'அஃப்யூனிய்யா'. அவர் இந்தத் துன்பத்தை ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர். ஷிர்வான் பகுதியின் ஆளுநர் ஒருவரின் சினத்துக்கு ஆளாகி, பனியில் இரவு முழுவதும் நிற்குமாறு அவர் தண்டிக்கப்பட்டார். அந்தக் குளிரில் உயிர்தப்ப அபினை உட்கொண்டார். உயிர் தப்பியது, ஆனால் உடல்நடுக்கம் வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை, அபினும் அவரை விடவில்லை. பிற்காலத்தில் மஷ்ஹத் நகர மருத்துவமனையில் பணியாற்றிய அவர், அபின் உண்பவர் படும் பாட்டையும், திடீரென்று நிறுத்தினால் நேரும் வேதனையையும், அளவைப் படிப்படியாகக் குறைக்கும் முறையையும், அதனிடத்தில் கொடுக்கத்தக்க மாற்றுகளையும் எழுதிவைத்தார்.

ஒருவர் ஃபகீஹ், மற்றவர் மருத்துவர். ஒருவர் ஸுன்னத் வல் ஜமாஅத்தின் இமாம், மற்றவர் ஸஃபவி ஈரானின் குடிமகன். இருவருக்கும் அறிமுகம் இருந்ததற்கான சான்று எதுவும் நமக்குத் தெரியாது. எனினும் இருவரும் வந்துசேர்ந்த முடிவு ஒன்றே: திடீரென்று அறுப்பது தீர்வன்று; படிப்படியாகக் குறைப்பதே வழி.

செல்வமும் செங்கோலும் உதவாத இடம்

வழி தெரிந்திருந்தும் உரிய காலத்தில் அதில் நடக்காதவர்களின் முடிவுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் இனாயத் கான் என்பவர் அரசருக்கு நெருக்கமான அதிகாரியாக இருந்தார். அபினும் மதுவும் அவரை எலும்பும் தோலுமாக்கின. 1618இல் அவர் பல்லக்கில் கொண்டுவரப்பட்டபோது, ஒரு மனித உடல் இவ்வளவு மெலிய முடியுமா என்று அரசரே திகைத்துத் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். ஓவியர்களை அழைத்து அவரை வரையச் செய்தார். வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்தார். சற்றைக்கெல்லாம் இனாயத் கான் இறந்துபோனார். அந்த ஓவியம் இன்றும் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அந்த அவையில் தேர்ந்த ஹகீம்கள் இருந்தார்கள். ஜஹாங்கீரே இளமையில் மிகையாகக் குடித்துக் கை நடுங்கிய காலத்தில், இப்படியே போனால் ஆறு மாதத்தில் மருத்துவமே பயனற்றுப்போகும் என்று ஹகீம் ஹுமாம் அஞ்சாமல் எச்சரித்தார். அரசர் குடியின் அளவை ஆண்டுக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார். ஆனால் அபினை இறுதிவரை விட்டாரில்லை. எச்சரித்துச் சொல்ல ஒருவர் இருந்தும், சொல்வது உரிய காலத்தில் காதில் விழ வேண்டும். இனாயத் கானின் மெலிவு ஒரே நாளில் வந்ததன்று. அது முற்றும்வரை அவைக்குள் அது அன்றாடக் காட்சியாகவே இருந்திருக்கும்.

ஈரான் கற்ற பாடம்

மேற்கண்ட ஃபத்வாவின் இரு பாதிகளையும் மாறிமாறி மறந்தால் என்ன நேரும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டு ஈரானைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

1955இல் ஷாவின் அரசு கசகசாப் பயிரையும் அபின் பயன்பாட்டையும் முற்றாகத் தடைசெய்தது. நாட்டில் மாபெரும் எண்ணிக்கையினர் அபினுக்குப் பழகியிருந்தனர். பயிர் நின்றது, பழக்கம் நிற்கவில்லை. எல்லை தாண்டிய கடத்தல் பெருகியது. அபினைவிடக் கொடிய ஹெராயின் நகரங்களுக்குள் நுழைந்தது. உயிரைக் காப்பது என்னும் முதற்பாதி இங்கே மறக்கப்பட்டது.

1969இல் அரசு எதிர்த்திசையில் திரும்பியது. கட்டுப்பாட்டுடன் பயிரிட அனுமதி வந்தது. 60 வயதைக் கடந்தோரும், விடமுடியாத நோயுள்ளோரும் பதிவுசெய்துகொண்டு கூப்பன் காட்டி மாதந்தோறும் அபின் பெறலாம் என்றாயிற்று. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவுபெற்றனர். கடத்துவோருக்கோ அதே ஆண்டில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. இம்முறை உயிர் ஓரளவு காக்கப்பட்டது. ஆனால் பதிவுபெற்றவரின் அளவைக் குறைத்து மீட்பதற்கு உரிய ஏற்பாடு வளரவில்லை. பங்கீட்டுக் கடையாக நின்றதேயன்றி, மருத்துவமனையாக மாறவில்லை. இரண்டாம் பாதி மறக்கப்பட்டது.

1979 புரட்சிக்குப் பின் எல்லாம் மறுபடியும் தலைகீழாயிற்று. 1980இல் பயிரும் பயன்பாடும் தடைசெய்யப்பட்டன. அடிமையானவர்கள் ஆறு மாதத்துக்குள் விட்டுவிட வேண்டுமென்று கெடு விதிக்கப்பட்டது. சாதிக் கல்காலி என்னும் நீதிபதியின் தலைமையில் நடந்த நடவடிக்கையில் நூற்றுக்கணக்கானோர் மரண தண்டனைக்கு உள்ளாயினர். புறநோயாளர் சிகிச்சை நிலையங்கள் மூடப்பட்டன. அடிமையாதல் குற்றமாயிற்று, அடிமையானவர்கள் வேலை முகாம்களுக்கும் சிறைகளுக்கும் அனுப்பப்பட்டனர். நோக்கம் சமூகத்தைத் தூய்மைப்படுத்துவது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நோயாளி மருத்துவரிடம் போக அஞ்சினார். மருத்துவர் நோயாளியைத் தொட அஞ்சினார்.

விளைவு சிறைகளில் வெளிப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் கெர்மான்ஷா மாகாணச் சிறையில், ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்ததால் எச்.ஐ.வி. தொற்று பரவியிருந்தது தெரியவந்தது. சிறைக்குள் போனவர்கள் திரும்பி வீட்டுக்கு வருகிறவர்கள். அவர்களுக்கு மனைவியர் இருந்தனர். தண்டனையால் வெளியே தள்ளப்பட்டதாக எண்ணிய தீங்கு, குடும்பத்தின் படுக்கையறை வரை வந்துவிட்டது.

அப்போதுதான் அந்நாடு சிந்திக்கத் தொடங்கியது. 1997இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சை பெறுவோருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. கெர்மான்ஷாவில் அலாயீ சகோதரர்கள் என்னும் இரு மருத்துவர்களின் முயற்சியால் 2000ஆம் ஆண்டளவில் 'முக்கோண நிலையம்' எழுந்தது. போதை ஊசியின் தீங்கைக் குறைத்தல், எச்.ஐ.வி. சிகிச்சை, பாலியல்வழித் தொற்றுகளுக்கான சிகிச்சை ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தமையால் அப்பெயர். ஒருவர் அந்த வாசலில் நுழைவதைக் காண்போருக்கு, அவர் எந்தச் சிகிச்சைக்காக வந்தார் என்பது தெரியாது. வெட்கம் என்னும் தடையை வாசலின் அமைப்பாலேயே அவர்கள் தாண்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டையும் அம்முயற்சி பெற்றது. பின்னாளில், 2008இல், அந்த மருத்துவர்கள் இருவருமே வெளிநாட்டுத் தொடர்பு குறித்த வேறொரு குற்றச்சாட்டில் சிறையிடப்பட்டு, சில ஆண்டுகளுக்குப் பின்னரே விடுதலையாயினர் என்பதையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும்.

2002இல் தெஹ்ரானில் மெத்தடோன் சிகிச்சை சோதனையாகத் தொடங்கியது. மெத்தடோனும் அபின் வகையைச் சேர்ந்த மருந்தே. ஆனால் அது வாய்வழியே கொடுக்கப்படுவது. மெதுவாக வேலை செய்து ஒருநாள் முழுதும் நிலைப்பது. ஹெராயின் தரும் மயக்கத்தையும் தவிப்பையும் மாறிமாறித் தராதது. உரிய அளவில் பெறுபவர் வேலைக்குப் போகலாம், குடும்பத்தைக் காக்கலாம், தொழுகையில் நிற்கலாம். சில ஆண்டுகளில் அது சிறைகளுக்குள்ளும் சென்றது. 2005 ஜனவரியில் நீதித்துறைத் தலைவர் ஆயத்துல்லாஹ் மஹ்மூத் ஹாஷிமி ஷாஹ்ரூதி, இத்தகைய சிகிச்சைக்கும் தூய ஊசி வழங்கும் பணிக்கும் இடையூறு செய்ய வேண்டாமென்று நீதிபதிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மார்க்கக் கல்வி கற்ற ஒருவரின் கையெழுத்து அந்தத் தடையை நீக்கியது. அதன்பின் ஆயிரக்கணக்கான நிலையங்கள் நாடெங்கும் தோன்றின. பழைய 'தர்யாக்'கின் சாறே பாகு வடிவில், மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்தாகவும் அங்கே திரும்பி வந்தது. கட்டாய முகாம்கள் இன்றும் ஈரானில் இல்லாமற்போகவில்லை. இரண்டு வழிகளும் அங்கே அருகருகே நடக்கின்றன. ஆயினும் இமாதுத்தீன் எழுதிய இடத்துக்கு அந்நாட்டு மருத்துவம் சுற்றித் திரும்பியது என்பது உண்மை.

பள்ளிவாசலின் கதவு

மலேசியாவும் இதே பாதையில் நடந்தது. 1983இல் போதைப்பொருள் நாட்டின் முதல் எதிரி என்று அறிவிக்கப்பட்டது. அடிமையானவர்கள் 'புசாத் செரெந்தி' எனப்படும் கட்டாய மறுவாழ்வு நிலையங்களில் இரண்டாண்டுக் காலம் வரை அடைக்கப்பட்டனர். வெளிவந்தவர்களுள் மிகப் பலர் மீண்டும் போதைக்கே திரும்பினர், எச்.ஐ.வி. தொற்றும் ஊசி வழியே பெருகியது. 2005இல் மெத்தடோன் சிகிச்சையும், அடுத்த ஆண்டு ஊசி மாற்றும் திட்டமும் தொடங்கின.

இது பாவத்துக்குத் துணைபோவதாகாதா என்று அங்கே உலமாக்கள் எழுப்பிய வினா நியாயமானதே. அதற்கு விடையாக முன்வைக்கப்பட்டவை நாம் மதரஸாவில் மாணவர்க்குக் கற்பிக்கும் விதிகள்தாம்: இரண்டு தீங்குகள் எதிர்ப்பட்டால் சிறியதை ஏற்றுப் பெரியதைத் தடுப்பது; நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை அதன் அளவுக்கு மட்டும் ஆகுமாக்குவது; உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று என்பது.

2010ஆம் ஆண்டளவில் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள அர்ரஹ்மான் பள்ளிவாசலில் மெத்தடோன் வழங்கத் தொடங்கினர். பல்கலைக்கழக மருத்துவர்கள் மருந்தைக் கவனித்தனர். பள்ளிவாசல் தொழுகையையும் நல்லுரையையும் கவனித்தது. காவலரின் கண்ணுக்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போகத் தயங்கியவருக்கு, தொழப்போகிறவரைப் போலவே உள்ளே நுழையும் ஒரு கதவு திறந்தது. கெர்மான்ஷாவின் முக்கோண நிலையமும் இப்பள்ளிவாசலும் ஒரே இரகசியத்தை வேறுவேறு வழியில் கண்டறிந்தன. மருந்து இருந்தால் மட்டும் போதாது. அதைப் பெற வருபவர் தலைகுனியாமல் நுழையும் வாசலும் வேண்டும்.

மரணம் நிகழும் நேரம்

இங்கே ஃபத்வாவின் ஒரு சொல்லுக்குத் திரும்புவோம். நிறுத்தினால் அழிந்துபோவார் என்பது உறுதியானால் என்று இமாம் நிபந்தனை விதித்தார். அபினை நிறுத்திய வேதனையால் நேரடியாக இறப்பவர் அரியவர் என்று இன்றைய மருத்துவர் கூறுவார். அப்படியானால் இச்சட்டம் நமக்குப் பொருந்தாதா?

பொருந்தும். மரணம் வேறொரு நேரத்தில் வந்து நிற்கிறது என்பதே நாம் புதிதாக அறிந்துகொண்டது. பல வாரம் விலகியிருந்த உடல், முன்பு தாங்கிய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. ஆனால் மனத்தின் தவிப்பு போவதில்லை. சிறையிலிருந்தோ, கட்டாய மறுவாழ்வு இல்லத்திலிருந்தோ, அறையில் பூட்டிவைத்த வீட்டிலிருந்தோ வெளிவந்தவர் பழைய அளவையே மறுபடி எடுக்கிறார். மூச்சு நின்றுவிடுகிறது. விடுதலையான முதல் இரண்டு வாரமே மிகக் கொடிய காலம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பிள்ளை திருந்தி வந்துவிட்டான் என்று பெற்றோர் மகிழும் நாள்களும் அவையே.

ஆகவே மருந்தின் துணையின்றித் திடீரென்று நிறுத்தி, பின்தொடராமல் விடுவது, இமாம் அஞ்சிய அழிவுக்கே வழிகோலுகிறது. மெத்தடோன், ப்யூப்ரினார்ஃபின் போன்ற மருந்துகளில் நிலைத்திருப்போர், அவ்வாறு இல்லாதோரைவிட மிகக் குறைவாகவே இறக்கின்றனர். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று அவற்றைத் தள்ளுவோர், உடல் உணராத வண்ணம் என்று இமாம் வைத்த நிபந்தனையைச் சிந்திக்க வேண்டும். அவர் காலக்கெடு விதிக்கவில்லை. சிலருக்கு மாதங்கள்; சிலருக்கு ஆண்டுகள். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பது தேர்ந்த மருத்துவரின் பொறுப்பு. விட்டுவிட வேண்டும் என்னும் நிய்யத்தும், அதற்கான தௌபாவும் அடியாரின் பொறுப்பு.

அளவு மீறியவரைக் காக்கும் மருந்தும் உண்டு. 1961இல் கண்டறியப்பட்ட நாலாக்ஸோன், அபின் வகைப் பொருள் மூளையில் பற்றியிருக்கும் இடத்தினின்று அதை விலக்கி, சில நிமிடங்களில் மூச்சை மீட்கிறது. அதில் போதையே இல்லை. அருகிலிருப்போர் கையிலும் அது கிடைக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. நம் நாட்டில் பெரும்பாலும் மருத்துவமனைகளில் ஊசி மருந்தாகவே அது உள்ளது. ஆகவே காலம் தாழ்த்தாமல் மருத்துவமனை சேர்ப்பதே நம் கையிலுள்ள வழி. கண்மணி ஊசிமுனையளவு சுருங்கியிருத்தல், எழுப்பியும் எழாமை, மூச்சு மிக மெதுவாதல் அல்லது தொண்டையில் கரகரத்தல், உதடும் நகமும் நீலம்பாய்தல் ஆகியவை அடையாளங்கள். உடனே 108ஐ அழைக்க வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதலாம். தண்ணீரில் முக்குவதும் உப்புநீர் ஊட்டுவதும் கூடாது. தூங்கட்டும் என்று தனியே விடவே கூடாது. நாலாக்ஸோன் கொடுத்தபின்னும் அதன் ஆற்றல் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறைந்து மூச்சு மறுபடி தடைபடலாம் என்பதால், உடனிருந்து கவனிக்க வேண்டும்.

நம் வாசலில் நிற்கும் தடைகள்

இவையெல்லாம் ஈரானியர், மலாய்க்காரர் கதை என்று எண்ணி நாம் ஒதுங்கிவிட முடியாது. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாகவும், அவர்களுள் சுமார் 77 லட்சம் பேர் அதனால் தீங்குக்கு உள்ளாகி உதவி தேவைப்படுவோர் என்றும் கணக்கிட்டது. சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானோரில் 20 பேருக்கு ஒருவரே ஒருமுறையேனும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றுள்ளார். தமிழகத்திலும் வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொண்ட இளைஞர்களைப் பற்றிய செய்திகளை நாம் படித்துவருகிறோம்.

முதல் தடை, சட்டத்தைப் பற்றிய அச்சம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்னும் பிரிவு உள்ளது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமைநோயாளி, தாமே முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சை பெற்றால், அவருக்கு வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்கும். ஈரான் 1997இல் செய்த மாற்றத்தை ஒத்த கதவு நம்மிடமும் திறந்தே இருக்கிறது. அதை அறிந்தவர்தாம் குறைவு.

இரண்டாவது தடை, வெட்கம். பெண் கேட்டு வருவோர் என்ன நினைப்பார்கள், ஜமாஅத்தில் தலைநிமிர்ந்து நிற்க முடியுமா என்று குடும்பங்கள் மறைக்கின்றன. அடிமையானவர் பெண்ணாக இருந்தால் மறைப்பு இருமடங்காகிறது. தென் தெஹ்ரானில் 'கானே குர்ஷீத்' என்னும் பெயரில் பெண்களுக்கென்றே தனி நிலையம் தேவைப்பட்டதன் காரணம் அதுவே. மறைத்துவைத்த நோய் முற்றும்வரை காத்திருந்து, இறுதியில் ஜனாஸாவாகவே வெளிவருகிறது. அத்தகையவருக்கு ஜனாஸா தொழுவிக்கலாமா என்று நம்மிடம் வந்து கேட்போரும் உண்டு. அவர் முஸ்லிம், அவருக்காகத் தொழுவது நம்மீதுள்ள கடமை. ஆனால் அக்கேள்வி ஓராண்டுக்கு முன், அவர் உயிரோடிருந்தபோது, எங்கே சிகிச்சைக்கு அழைத்துச் செல்லலாம் என்று வந்திருக்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது தடை நம் நாவில் இருக்கிறது. மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் நபி (ஸல்) அவர்கள் முன் கொண்டுவரப்பட்ட ஒரு தோழரைப் பற்றிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சான்று கூறினார்கள். குற்றம் குற்றமென்றே நடத்தப்பட்டது. ஆனால் குற்றவாளி உம்மத்திலிருந்து வெளியே தள்ளப்படவில்லை. நாம் ஜும்ஆ மேடையில் போதையைக் கண்டிக்கும்போது, அதில் சிக்கிய ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்தே பேச வேண்டும். அந்த உரையிலேயே, தேசியப் போதைமீட்பு உதவி எண் 14446 என்பதையும், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு என்பதையும், வருபவரின் பெயரை யாரும் வெளியிட மாட்டார்கள் என்பதையும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். தொழுகைக்குப் பின் தனியே வந்து பேசுபவருடன் மருத்துவமனை வரை செல்ல இருவரை ஜமாஅத் முன்கூட்டியே அமர்த்திவைக்கலாம். மறுவாழ்வு இல்லத்திலிருந்து திரும்பியவரின் வீட்டாரிடம், அந்த முதல் இரண்டு வார ஆபத்தைப் பக்குவமாக எடுத்துரைக்கலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

போதையை விற்பவருக்கு எதிராக நாம் கடுமையாகவே நிற்போம், அதில் மாற்றமில்லை. அதில் சிக்கியவர் விஷயத்தில், நம் இமாம்கள் எழுதிவைத்த இரு கடமைகளையும் மறுபடி கையிலெடுப்போம். அவருடைய உயிரைக் காப்போம். அவரைப் படிப்படியாக மீட்போம். நோயைப் படைத்த இறைவன் அதற்குரிய மருந்தையும் படைத்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அம்மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவே தடையாக நிற்பவர்களாக நம்மை அல்லாஹ் ஆக்காதிருப்பானாக. ஆமீன்.